அத்தியாயம் 6: குடலுக்கு ஒரு கடிகாரம்

தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசைமேல் வைத்த கையோடு கேட்பது, “எப்ப நடப்பாரு?” என்பதைத்தான். வெளிக்கி எப்படிப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக் கூச்சம். ஆனால் அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து உச்சிவெயில்வரை எல்லோருடைய பொழுதையும் தின்றுகொண்டிருப்பது அந்த ஒரு வேலையாகத்தான் இருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் கிம் ஆண்டர்சன், தண்டுவடக் காயம்பட்ட 681 பேரிடம் கேட்டறிந்து 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இழந்தவற்றில் எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை அதிகம் மேம்படும் என்பதே கேள்வி. கழுத்தில் அடிபட்டவர்கள் கைகளின் இயக்கத்தை முதலில் வைத்தார்கள். கைகள் நன்றாக இருந்து கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் தாம்பத்திய உறவை முதலில் வைத்தார்கள். சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டுக்குள் வரவேண்டும் என்பது இரு தரப்பாருக்கும் பொதுவான ஆசையாக இருந்தது. நடை எந்தப் பட்டியலிலும் முதலிடம் பெறவில்லை.

காயத்துக்குப் பிறகு குடல் நம் சொல்லைக் கேட்காது. ஆனால் நேரத்துக்கும் பழக்கத்துக்கும் பெரும்பாலும் பணியும். தினமும் ஒரே வேளையில், ஒரே வரிசையில் செய்தால், மற்ற நேரத்தில் துணி நனையாமல் இருக்கும் அளவுக்கு அதைப் பழக்க முடியும். அதை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் தெரியவேண்டியது: எந்த வகைக் குடல்?

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அருகே, கூம்புபோலக் குறுகி முடிந்துவிடுகிறது. மலக்குடலையும் ஆசனவாயின் சுருக்குத்தசையையும் ஆளும் எஸ்-2, எஸ்-3, எஸ்-4 நரம்புப் பகுதிகள் அந்தக் கூம்பில்தான் இருக்கின்றன. அடி அதற்கு மேலே பட்டதா, அதிலேயே பட்டதா என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறிவிடும்.

கூம்புக்கு மேலே, அதாவது கழுத்திலோ முதுகின் மேல், நடுப் பகுதிகளிலோ அடிபட்டிருந்தால், மூளைக்குச் செய்தி போகாது. மூளையிலிருந்து உத்தரவும் வராது. ஆனால் கூம்பு உயிரோடுதான் இருக்கிறது. மலக்குடல் நிறைந்தால் அது தானாகவே சுருங்கித் தள்ளும். சுருக்குத்தசை இறுக்கமாக இருக்கும். இதை அனிச்சைக் குடல் என்று சொல்லலாம். இந்த வகைக்கு மருந்தாலோ விரலாலோ ஒரு தூண்டுதல் கொடுத்தால் மற்றதைக் குடலே பார்த்துக்கொள்ளும்.

கூம்பிலோ, அதற்குக் கீழே குதிரைவால்போலப் பிரியும் நரம்புக் கொத்திலோ அடிபட்டிருந்தால் அந்த அனிச்சைச் செயலும் போய்விடும். சுருக்குத்தசை தொளதொளவென்று இருக்கும். இருமினாலும், ஒரு நாற்காலியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் மலம் கசியும். இது தளர்ந்த குடல். இங்கே தூண்டுவதால் பயன் குறைவு. தேங்கியதைக் கையால் எடுக்க வேண்டியிருக்கும்.

அடிபட்ட முதல் சில வாரங்களில், தண்டுவட அதிர்ச்சி நிலையில், எல்லோருக்கும் குடல் தளர்ந்தேதான் இருக்கும். அதை வைத்து முடிவுகட்டக் கூடாது. அதிர்ச்சி தணிந்தபின் மறுவாழ்வு மருத்துவர் ஆசனவாயின் இறுக்கத்தையும் அனிச்சைச் செயலையும் பரிசோதித்து வகையைச் சொல்வார். டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதப்படவில்லை என்றால், “எனக்கு எந்த வகை?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

பதம் பார்த்தல்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் மலத்தின் வடிவத்தை 7 வகையாகப் பிரித்து, 1997-இல் ஓர் அளவுகோலாக வெளியிட்டார்கள். நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் அது இப்படி இருக்கும்: முதல் வகை ஆட்டுப் புழுக்கை. இரண்டாவது, புழுக்கைகள் ஒட்டிச் சேர்ந்த கட்டி. மூன்றாவது, மேலே வெடிப்பு விட்ட உருளை. நான்காவது, பழுத்த வாழைப்பழம்போல வழவழப்பானது. ஐந்தாவது, மெதுமெதுவான துண்டுகள். ஆறாவது கூழ். ஏழாவது தண்ணீர்.

அனிச்சைக் குடல்காரர்களுக்கு நான்காம் பதம் வசதி. தூண்டியதும் வழுக்கிக்கொண்டு வரும். தளர்ந்த குடல்காரர்களுக்கு மூன்றாம் பதம், கொஞ்சம் கெட்டியாக இருப்பதே நல்லது. கசிவு குறையும், விரலுக்கும் அகப்படும். ஒருவருக்கு நன்றாகப் பலித்த மலமிளக்கியை இன்னொருவர் வாங்கிச் சாப்பிட்டு அவதிப்படுவது பெரும்பாலும் இந்த வேறுபாடு தெரியாததால்தான்.

ஒரு காலைப் பொழுது

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்த 34 வயதுக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். முதுகின் 10-ஆம் முள்ளெலும்பு மட்டத்தில் காயம். கைகள் இரண்டும் நன்றாக இயங்குகின்றன. அனிச்சைக் குடல். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் என்று முடிவாகியிருக்கிறது.

6.20-க்கு மனைவி வெந்நீரும், பின்னாலேயே காப்பியும் இரண்டு இட்லியும் கொடுக்கிறார். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைவெடுப்பது இயற்கை. அந்த அசைவு சாப்பிட்ட 20 முதல் 30 நிமிடத்துக்குள் வலுவாக இருக்கும் என்பதால்தான் கடிகாரம் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறது.

6.45-க்கு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறார். கீழே ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய துணி. நகம் ஒட்ட வெட்டிய கையில் கிளவுஸ். விரல்நுனியில் ஜெல்லி தாராளமாக. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொள்ளும் பழக்கம் உண்டு. எண்ணெய் பட்டால் ரப்பர் கிளவுஸ் நைந்து கிழியும் என்பதால் தண்ணீரில் கரையும் ஜெல்லியே சரி. முதலில் மலக்குடலின் வாயிலில் கட்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மெதுவாக எடுத்துவிடுகிறார். பிறகு 10 மில்லிகிராம் பிஸாகோடில் சப்போசிட்டரியைக் குடலின் சுவரோடு ஒட்டும்படி வைக்கிறார். மலத்துக்குள் செருகிவிட்டால் மருந்து சுவரைத் தொடாமல் வீணாகும். மாத்திரை வைத்தும் ஒன்றும் வரவில்லை என்று சொல்பவர்களில் பலர் செய்யும் பிழை இது.

காத்திருக்கும் நேரத்தில் வயிற்றை நீவிவிடுகிறார். வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலே, விலாவுக்குக் கீழே குறுக்காக, பிறகு இடப்பக்கமாகக் கீழே. பெருங்குடல் போகும் பாதை அதுதான்.

7.05-க்கு மெத்தை வைத்த கமோடு நாற்காலிக்கு மாறுகிறார். இன்னும் வரவில்லை என்றால் விரல் தூண்டல். சுட்டுவிரலை ஓர் அங்குலம் அளவு மட்டும் உள்ளே விட்டு, சுவரைத் தொட்டபடி 15 முதல் 20 விநாடி மெதுவாக வட்டமாகச் சுற்றுவது. எப்படியும் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விரலை எடுத்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் மறுபடியும். உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் வேகம் காட்டினால் புண்ணாவது தெரியாது.

முடிந்தது என்று எப்படித் தெரியும்? அடுத்தடுத்து இரண்டு தூண்டலுக்கும் மலம் வராது. சளி மட்டும் வரும், அல்லது சுருக்குத்தசை விரலைச் சுற்றி இறுக்கமாக மூடிக்கொள்ளும். அதன்பின் கழுவித் துடைத்து, தோலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம். மொத்த வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குவதே இலக்கு.

விரல்களில் பிடிப்பு இல்லாதவர்களுக்கு, மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டையோடு கூடிய சப்போசிட்டரிச் செருகியும் தூண்டுகோலும் உண்டு. தொழில்வழி சிகிச்சையாளரிடம் கேட்டால் கைக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பார்.

தளர்ந்த குடலுக்கு

சப்போசிட்டரி இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. தினமும் ஒரு முறை, சிலருக்குக் காலையும் மாலையும் இரண்டு முறை, ஜெல்லி தடவிய விரலை மெதுவாகக் கொக்கிபோல வளைத்து மலத்தை எடுக்க வேண்டும். முன்பக்கம் குனிந்து உட்கார்வதும், வயிற்றை நீவுவதும் உதவும். முக்குவதில் நிதானம் வேண்டும். வருடக்கணக்கில் முக்கினால் மூலம் வரும், சிலருக்குக் குடலே வெளித்தள்ளும். இதய நோய் உள்ளவர்கள் முக்கவே கூடாது. சிறுநீர்ப்பையைக் கதீட்டர் போட்டு முதலில் காலி செய்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

சாப்பாடு, தண்ணீர், விளக்கெண்ணெய்

மலச்சிக்கல் என்றால் கீரையையும் வாழைத்தண்டையும் அள்ளிப் போடு என்பது நம் வீட்டு வைத்தியம். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு பெருங்குடல் மெதுவாகத்தான் நகரும். அதில் ஒரேயடியாக நார்ச்சத்தைத் திணித்தால் அது உப்பி, நகராமல் அடைத்துக்கொள்ளும். நாளுக்கு 15 கிராம் நார்ச்சத்தில் தொடங்கி, பதத்தைப் பார்த்து மெல்ல ஏற்றுவதே வழி. ஒரு கொய்யாப்பழம், ஒரு கப் சுண்டல், பொரியலும் கீரையும் உள்ள இருவேளைச் சாப்பாடு இருந்தாலே அந்த அளவு வந்துவிடும். இசப்கோல் எடுத்தால் நிறையத் தண்ணீரோடு எடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே உள்ளே கெட்டிப்படும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. நேரத்துக்கு நேரம் கதீட்டர் போடுகிறவர்கள், பை நிறைந்துவிடுமே என்று பயந்து தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். மலம் புழுக்கையாகிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் சிறுநீர் 500 மில்லியைத் தாண்டாதபடி, தண்ணீரை நாள்முழுக்கப் பிரித்துக் குடிக்கும் ஒரு அட்டவணையைப் போட்டுவிட்டால் இரண்டும் சரிப்படும்.

மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்யும் பழக்கம் பல குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. “ஒரு தடவ கழுவி விட்டுட்டா சரியாப் போயிடும் தம்பி” என்பார் பாட்டி. அடக்கும் சக்தி இல்லாதவருக்கு அது இரண்டு நாள் தண்ணீராகப் போய், தோலை அரித்து, பழகிவந்த கடிகாரத்தையும் குலைத்துவிடும். சோப்புத் தண்ணீர் இனிமாவும் இப்படித்தான். குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும்.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், இரும்புச் சத்து மாத்திரைகள் எல்லாமே மலத்தைக் கட்டும். தானாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லி மாற்று கேட்கலாம்.

ஒரு பொறியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாலைந்து நாள் சரியாகப் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது பேதியாக இல்லாமல் இருக்கலாம். மேலே கல்போல அடைத்திருக்க, அதைச் சுற்றி நீர் மட்டும் வழிகிறது. பேதி என்று நினைத்து லோபரமைடு கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் எந்த மாத்திரையும்.

நாற்காலியும் பெட்சோரும்

இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாத வீடுகளில், பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கமோடு ஆக்கிக்கொள்கிறார்கள். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் அறுத்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். உணர்ச்சியற்ற தோல் கிழிந்தால் தெரியாது. விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்கி, மேலே கெட்டி ஸ்பாஞ்ச் வைத்து, ரெக்சின் சுற்றித் தைத்துக்கொள்ள வேண்டும். கால்கள் தொங்காமல் பலகை ஒன்று. நாற்காலி வழுக்கும் தரையில் நகராமல் இருக்க சுவரோடு ஒட்டி.

பேப்பர் படித்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மலம் வந்ததோ இல்லையோ, இருப்பெலும்பின் மேல் பெட்சோர் வந்துவிடும். ஏற்கெனவே புண் இருப்பவர்கள் அது ஆறும்வரை படுத்தபடியே இந்த வேலையை முடிப்பது பாதுகாப்பு. கழுவும் வெந்நீரை உணர்ச்சி உள்ள கையால் தொட்டுப் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

தலைவலி வந்தால் கையை எடுங்கள்

முதுகின் 6-ஆம் நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களும், அவர்களுக்கு உதவி செய்பவர்களும் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

காயத்துக்குக் கீழே எங்காவது உறுத்தல் ஏற்பட்டால் உடல் அதை வலியாகச் சொல்ல முடியாமல், ரத்த அழுத்தத்தைத் தாறுமாறாக ஏற்றிவிடும். சிறுநீர்ப்பை நிறைவது முதல் காரணம். மலம் அடைப்பதும், விரல் தூண்டலும் அடுத்து. மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, நெற்றியில் வேர்வை, மூக்கடைப்பு, மயிர்க்கூச்செறிதல் ஆகியவை அறிகுறிகள். கழுத்துக் காயக்காரர்களுக்கு வழக்கமான மேல் அழுத்தமே 90 முதல் 110-க்குள் இருக்கும். அதனால் 140 என்று காட்டினால், மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும், இவர்களுக்கு அது ஆபத்து. வழக்கத்தைவிட 20 முதல் 40 கூடினாலே எச்சரிக்கை.

உடனே செய்ய வேண்டியவை: தூண்டலை நிறுத்த வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிட வேண்டும். பெல்ட், காலுறை, இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். கதீட்டர் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின்னும் தணியாமல், மலம்தான் காரணம் என்று தோன்றினால், 2 சதவீத லிக்னோகெய்ன் ஜெல்லியைத் தடவி, மரத்துப்போகச் சில நிமிடம் விட்டு, மிக மெதுவாக மலத்தை எடுக்கலாம். இன்னும் இறங்கவில்லையா? ஆம்புலன்ஸுக்கு 108. பக்கவாதமும் வலிப்பும் வரக்கூடிய அவசரம் இது. அடிக்கடி இப்படி வருகிறவர்கள், முதல் தூண்டலுக்கு முன்பே லிக்னோகெய்ன் ஜெல்லி பயன்படுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

பல சிறிய மருத்துவமனைகளில் இந்த நிலையைப் பார்த்தறிந்தவர்கள் குறைவு. மேலே சொன்னதைத் தன் வழக்கமான ரத்த அழுத்த அளவோடு ஓர் அட்டையில் எழுதி, வீல்சேர் பையில் வைத்திருப்பது உயிர் காக்கும்.

இவ்வளவு செய்தும் முடியாதபோது

ஒரு முறையைக் குறைந்தது மூன்று முதல் ஐந்து சுற்றாவது மாற்றாமல் செய்துபார்த்துவிட்டே அடுத்ததற்குப் போக வேண்டும். மாற்றும்போதும் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும்: உணவு, மருந்து, நேரம், இவற்றில் ஏதாவது ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாமல் போய்விடும்.

மாதக்கணக்கில் பார்த்தும் வழிக்கு வராவிட்டால், ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றிக் கழுவும் கருவி இருக்கிறது. பலூன் உள்ள குழாய் தண்ணீர் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் ஐந்து மையங்களில் 87 பேரை 10 வாரம் கவனித்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான முறையைவிட இதில் மலச்சிக்கலும் கசிவும் குறைந்தன. அரிதாகக் குடலில் ஓட்டை விழும் அபாயம் உண்டு என்பதால் பயிற்சி பெறாமல் தொடக்கூடாது.

குடல்வாலையே குழாய் வழியாக்கி, தொப்புள் பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவும் அறுவை சிகிச்சையை இங்கிலாந்து மருத்துவர் பாட்ரிக் மலோன் 1990-இல் அறிவித்தார். கடைசி வழி, வயிற்றில் பை வைக்கும் கொலாஸ்டமி. பெயரைக் கேட்டாலே பலர் பயப்படுவார்கள். தினம் மூன்று மணி நேரம் கமோடில் கழித்த ஒருவருக்கு அது விடுதலையாகவும் அமையலாம்; முடிவு அவருடையது.

கதவு சாத்தியிருக்கட்டும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட நிலையங்களில் வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாறக் கற்றுத்தருவதைப் போலவே குடல் பராமரிப்பையும் ஒரு பாடமாகக் கற்றுத்தருகிறார்கள். கைகள் இயங்குகிறவர் தானே செய்யப் பழகிக்கொள்கிறார். இயங்காதவர், உதவுகிறவருக்குச் சரியாகச் சொல்லித்தரப் பழகிக்கொள்கிறார்.

வீட்டில் இந்த வேலை மனைவி தலையிலோ அம்மா தலையிலோ விழுகிறது. முடிந்தால் இரண்டு பேர் கற்றுக்கொள்வது நல்லது. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கடிகாரம் நிற்காது. கதவைச் சாத்திக்கொள்வதும், நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் முடிப்பதும், “நாறுதே” என்று சத்தமாகச் சொல்லாமல் இருப்பதும் மருந்துக்குச் சமம். கசிந்துவிடுமோ என்று விசேஷங்களுக்கு முதல் நாளே பட்டினி கிடப்பவர்கள் நிறைய உண்டு. பட்டினியால் குடல் அடங்குவதில்லை. நேரம் மட்டும் தப்பிவிடும்.

மலத்தில் ரத்தம், வாந்தியோடு உப்பிய வயிறு, மூன்று நான்கு நாளாக ஒன்றுமே வராதது, நன்றாக நடந்துவந்த முறை காரணமில்லாமல் குலைவது: இவற்றில் எது வந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றதற்கெல்லாம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொடங்கிய நேரம், ஆன நிமிடம், பதம், நடுவில் கசிந்ததா, முந்தின நாள் சாப்பிட்டதில் வித்தியாசமானது என்ன. நாம் கற்பனை செய்த பொள்ளாச்சிக்காரரின் நோட்டில் முதல் வாரம் எல்லாமே தாறுமாறாக இருக்கும்: 90 நிமிடம், 110 நிமிடம், இரண்டு முறை கசிவு, ஒரு நாள் புழுக்கை, ஒரு நாள் கூழ். மூன்றாம் மாதத்தின் ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்: “காலை 6.45. 40 நிமிடம். பதம் 4. கசிவு இல்லை. 9 மணிக்கு வண்டி, தங்கச்சி வளைகாப்பு. மாற்றுத் துணி எடுத்துப் போனோம், தேவைப்படல.”